முந்தின நாளே போய்ச் சேருங்கள்

ஜெர்மனிக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு,



2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் ஏறக்குறைய 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களுக்குத்தான் முதலிடம், சீனர்கள் அடுத்தபடி. இவர்களோடு நீல அட்டை என்னும் வேலை அனுமதி வாங்கி வரும் பொறியாளர்கள், ஜெர்மன் மொழித் தேர்வு முடித்து வரும் செவிலியர்கள். கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் கைபேசியிலேயே கிடைத்துவிடுகிறது: வங்கியில் முடக்கிவைக்க வேண்டிய பணம் எவ்வளவு, வீட்டு முகவரியைப் பதிய எங்கே போக வேண்டும், எந்தக் கடையில் புளி கிடைக்கும், எல்லாம்.

நவம்பரைப் பற்றி மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகளைச் சட்டமே பூட்டிவைக்கிறது. தீபாவளி ஒரு சாதாரண வேலைநாளாக வந்து போகிறது. ஊரில் தாத்தா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. மறுநாள் காலை தேர்வு. விடுதி அறையில் பக்கத்து அறைக்காரன் பெயர்கூடத் தெரியாது. சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத பிள்ளைகள்கூட அந்த வாரத்தில் ‘பக்கத்தில் கோயில் ஏதாவது இருக்கிறதா?’ என்று தேட ஆரம்பிப்பது இதனால்தான்.

இருக்கிறது. தமிழ்க் கோயிலே இருக்கிறது. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாமல் அங்கே போனால் படம் எடுத்துக்கொண்டு, பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போனபடியே திரும்பி வர நேரும். இந்த மடல் அதற்காகத்தான்.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வெளியேறிய இளைஞர்களில் பலருக்கு மேற்கு ஜெர்மனியின் கதவு கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ் வீதி நிலையம். எஸ்-பான் ரயிலில் ஏறினால் சற்று நேரத்தில் மேற்கு பெர்லின். நகரைப் பிரித்த கோட்டை மேற்குத் தரப்பு நாட்டு எல்லையாக ஒப்புக்கொள்ளாததால், அந்தப் பக்கம் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. இரண்டு வல்லரசுகளின் சண்டையில் விழுந்த இந்த ஓட்டைக்குள் நுழைந்துதான் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். 1985இல் கிழக்கு ஜெர்மனி, விசா இல்லாத தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது.

வந்தவர்களை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. மாநிலவாரியாகப் பங்கிட்டு, கேள்விப்படாத சிற்றூர்களின் ‘காம்ப்’களுக்கு அனுப்பினார்கள். ஓர் அறையில் பலர். வேலை செய்யத் தடை. குறித்த மாவட்டத்தைத் தாண்டிப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல், தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசிக்கு நாணயம் சேர்க்க வேண்டிய காலம் அது. உங்கள் நவம்பரையும் அவர்கள் நவம்பரையும் ஒப்பிடுவது முறையல்ல. உங்களிடம் திரும்பிப் போகும் பயணச்சீட்டு இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவராக 1985இல் வந்தவர் ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள். ரூர் தொழிற்பகுதியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹம் நகரில் அவருக்கு இருப்பிடம் அமைந்தது. வீட்டில் காமாட்சி படம் வைத்துப் பூசை. கேள்விப்பட்டவர்கள் வர, இடம் போதாமல் 1989இல் ஒரு கட்டடத்தின் நிலவறைக்கு மாறியது கோயில். 1993இல் முதன்முறையாக அம்பாள் தெருவுக்கு வந்தாள். கூடியவர்கள் சில நூறு பேர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பல ஆயிரமாகிவிட்டது.

சாதாரண குடியிருப்புத் தெரு எத்தனை பேரைத் தாங்கும்? வண்டி நிறுத்த இடமில்லை, சத்தம், குப்பை என்று அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். அவர்கள் முறையிட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். நம்மூர்த் தெருவில் பத்தாயிரம் ஜெர்மானியர்கள் வாத்தியக் குழுவோடு வந்து இறங்கினால் நாமும் சும்மா இருக்க மாட்டோம். வேறு இடம் பார்க்கச் சொன்னது நகராட்சி. ஊருக்கு வெளியே, மின்நிலையம் இருக்கும் உவென்ட்ரொப் தொழிற்பேட்டையில் நிலம் அமைந்தது. காஞ்சிபுரத்துக் காமாட்சி கோயிலை மனத்தில் வைத்துத் திட்டமிட்டார்கள். கட்டடத்துக்கு உள்ளூர் ஜெர்மன் கட்டடக் கலைஞர். சுதை வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த சிற்பிகள். 27 மீட்டருக்கு 27 மீட்டர் மண்டபம், 17 மீட்டர் உயர இராஜகோபுரம். 2002 ஜூலை 7 அன்று குடமுழுக்கு. ‘இது இனி நம் ஊர்’ என்று தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அதைக் கான்கிரீட்டில் எழுதிவைத்த நாள் என்று அதைச் சொல்லலாம். ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் இவ்வளவு பெரிய திராவிடப் பாணிக் கோயில் அதுவரை இல்லை.

கோடையின் தொடக்கத்தில் திருவிழா. தேருக்கு நாள் பார்ப்பதில் நட்சத்திரத்தோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டது. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறவர்கள் திங்கள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டுமே! தீர்த்தவாரிக்கு அருகிலுள்ள டாட்டெல்ன்-ஹம் கால்வாய். ரூர் சுரங்கங்களுக்காக வெட்டிய, சரக்குப் படகு போகிற கால்வாய். யாழ்ப்பாணத்து நல்லூரில் நடப்பது போலவே தேருக்குப் பின்னால் ஆண்கள் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள், பெண்கள் அடியழிக்கிறார்கள். அவர்கள் உருள்வதும் விழுந்து கும்பிடுவதும் லாரிகள் ஓடும் தார்ச்சாலை. தூக்குக்காவடிக்காரரைத் தொங்கவிட்டபடி நகரும் வண்டியைப் பார்த்து வாயடைத்து நிற்கும் ஜெர்மானியக் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிதான்.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள். தேர் நாளன்று மதியம் வந்து சேர்கிறார்கள். பதினைந்தாயிரம் பேரில் ஒருவராக நின்று, அன்னதான வரிசையில் தட்டு ஏந்தி, நாலு படம் எடுத்து, மாலை ரயிலில் போய்விடுகிறார்கள். போகிற வழியிலேயே தனிமை திரும்ப வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. ஏனென்றால் அவர்களிடம் யாரும் பேசவில்லை. பேச யாருக்கும் நேரம் இல்லை.

முந்தின நாள் போய்ப் பாருங்கள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கும். மாலை கட்ட ஆள் போதாது. தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க, வண்டிகளுக்கு இடம் காட்ட, குத்துவிளக்குத் தேய்க்க, பெரிய அண்டாக்களைக் கழுவிக் கவிழ்க்க ஆள் வேண்டும். ‘என்ன செய்யணும்?’ என்று கேட்டால் போதும், கத்தியும் பலகையும் கைக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரம் சேர்ந்து வெங்காயம் உரித்தவர்களுக்குள் பேச்சு தானே வரும்: எந்த ஊர், அம்மா என்ன செய்கிறார், குளிருக்கு அந்த ஜாக்கெட் காணுமா. உங்கள் ஊரில் அறை தேடித்தரக்கூடியவர், நல்ல பல் மருத்துவரைச் சொல்லக்கூடியவர், பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிடக்கூடியவர் எல்லாரும் அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான். அகதிகளாக வந்த பையன்கள் உயிர்பிழைத்த வழி இதுவே. அவர்களுக்குக் குருக்கள் சொன்ன மந்திரம் ஆறுதலாக இருந்திருக்கலாம். பந்தல் போடவும் பாத்திரம் கழுவவும் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதைவிடப் பெரிய ஆறுதல்.

ஒன்று மட்டும் வேண்டாம். ‘நீங்க பேசுற தமிழ் க்யூட்டா இருக்கு, மலையாளம் மாதிரி’ என்று ஆரம்பிக்காதீர்கள். நாற்பது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் அவர்கள். 2009 இறுதிப் போரில் யாரை இழந்தார்கள் என்று முதல் சந்திப்பிலேயே விசாரிக்கவும் வேண்டாம். சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

ஹம் கோயில் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. டச்சு எல்லைக்குப் பக்கத்தில் கேவெலார் என்று ஒரு சிற்றூர். 1642இல் தொடங்கிய யாத்திரைத் தலம். துன்புற்றோருக்கு ஆறுதலான மாதாவின் உள்ளங்கையளவுப் படம் ஒன்றுதான் அங்கே வணங்கப்படுவது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை அந்த ஊர் தமிழூர் ஆகிவிடுகிறது. தமிழில் திருப்பலி, தமிழில் ஜெபமாலை, சதுக்கத்தைச் சுற்றிலும் வடையும் ரோல்ஸும் விற்கும் கடைகள். பத்தாயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். அவர்களில் கணிசமானோர் திருநீறு பூசிய சைவர்கள். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்திலிருக்கும் கறுத்த மாதாவிடமும் இவர்கள் இப்படித்தான் போகிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மன்னார் மடு மாதாவிடம் சைவர்கள் நேர்த்தி வைப்பது இலங்கையில் காலங்காலமான வழக்கம். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. போரால் அங்கே போக முடியாதவர்கள் அதே மாதத்தில் கேவெலாருக்குப் போகத் தொடங்கினார்கள். மடு மாதாவே இடம்பெயர்ந்தவள்தான். 1670இல் கத்தோலிக்கர்மீது டச்சுக்காரர்கள் நடத்திய ஒடுக்குமுறைக்கு அஞ்சி மாந்தையிலிருந்து ஓடிய குடும்பங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போயின. 2008 ஏப்ரலில் ஷெல்லடிக்கு நடுவே குருமார் மறுபடியும் அவளைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தது. ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். டச்சு எல்லையோரத்தில் நின்று அவளை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு இந்த வரலாற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுவிஸ் பக்கம் போகிறவர்கள் பெர்ன் நகரின் ஐரோப்பா சதுக்கத்தில் இறங்கிப் பாருங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ், கடைகளும் குடியிருப்புகளும் சேர்ந்த கட்டடத்தில், 2014 டிசம்பரில் திறந்த ‘சமயங்களின் இல்லம்’. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்த மண்டபம், அலெவிகளின் வழிபாட்டிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கோயில், சைவநெறிக்கூடம் என்ற தமிழர் அமைப்புடையது. பூசை தமிழில், பெண்களும் பூசை செய்கிறார்கள். வடமொழி மந்திரமும் பிறப்பால் வந்த குருக்களும் இல்லாமல் கோயில் நடக்குமா என்று கேட்டவர்களுக்கு, நடத்திக் காட்டியதே பதில். கீழேயுள்ள சைவ உணவகத்தின் சமையல், யூத முறைக்கும் ஒத்துப்போகும்படி ஒழுங்கு செய்யப்பட்டது. ஊரில் நூறு வருடமாகப் பேசித் தீராத சில சங்கதிகளைப் புலம்பெயர்ந்தவர்கள் வாடகை ஒப்பந்தம் போட்டுத் தீர்த்துவிட்டார்கள் என்று குறும்பாகச் சொல்லலாம்.

எல்லாம் தேனும் பாலும் என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். ஐரோப்பியத் தமிழ்க் கோயில்களில் நிர்வாகச் சண்டை உண்டு, கணக்கு வழக்குப் பிணக்கு உண்டு. கல்யாணப் பேச்சு என்று வரும்போது சாதி எங்கிருந்தோ எழுந்து வரும். பெயரைக் கேட்ட பிறகு ஊரைக் கேட்பதும், ஊரைக் கேட்ட பிறகு எந்தப் பகுதி என்று கேட்பதும் எதற்காக என்று உங்களுக்கும் தெரியும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர், புரியாத மந்திரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்குப் பதில் வெளியே நின்று ஜெர்மன் மொழியில் அரட்டை அடிக்கிறார்கள். அவர்களோடும் பேசிப் பாருங்கள். வீட்டு ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல அவர்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

சாமியே வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழாலயம் இருக்கிறது. ஜெர்மனி முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் வாசலில் வந்து நின்று ‘உதவட்டுமா?’ என்றால் வேண்டாம் என்று சொல்லும் பள்ளி அநேகமாக இருக்காது.

இன்னொரு பேச்சையும் இங்கேயே பேசிவிட வேண்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு கசந்து, படுக்கையைவிட்டு எழவே முடியாத நிலை வாரக்கணக்கில் நீண்டால் அது கோயிலில் தீருகிற விஷயம் அல்ல. மருத்துவரிடம் போங்கள். பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் நல அமைப்பு நடத்தும் உளநல ஆலோசனை உண்டு. தேவாலயங்கள் நடத்தும் தொலைபேசி உதவி 1956இல் பெர்லினில் தொடங்கியது; இன்று இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி 0800 1110111 என்ற எண்ணில் கிடைக்கிறது. பேச்சு ஜெர்மனில்தான், அதனால் தெரிந்த ஜெர்மனே போதுமென்று துணிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்க, சீர்திருத்த சபைகளின் மாணவர் மன்றங்கள் எந்த மதத்தாருக்கும் கதவு திறந்தவை. கையில் காசில்லாமல் தவிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அவசர உதவித்தொகை வாங்கிக் கொடுக்கும் வழியும் அவர்களிடம் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு படிப்பை விட்டவர்களைவிட, கேட்டு வாங்கிப் படித்து முடித்தவர்கள் புத்திசாலிகள்.

வந்த இடத்தில் சாவும் நேரலாம். அதற்கு ஆயத்தமாக யாரும் விமானம் ஏறுவதில்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில், எரித்த பின் சாம்பலை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்க வேண்டும் என்பது சட்டம். கடலிலோ கங்கையிலோ கரைக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனி ஏற்பாடுகள், தாள்கள். இறுதிச் சடங்கை எந்த மயானத்தில் எப்படிச் செய்யலாம், அங்கே கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் என்னென்ன முடிக்க வேண்டும், எந்தக் குருக்கள் வருவார் என்பதெல்லாம் ஈழத்துக் குடும்பங்கள் நாற்பது வருடத்தில் அழுது அழுது கற்றுக்கொண்டவை. அலுவலகத்து நண்பர் ஒருவர் திடீரென்று இறந்துபோய், ஊரிலிருந்து பெற்றோர் தொலைபேசியில் கதறும்போது, என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்த நாளில் போய் முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்ள நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, செவிலியர்களுக்கு. 1960களில் கேரளத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ இளம்பெண்கள் திருச்சபை வழியாக ஜெர்மன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாத நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையே அவர்களுக்கு உறவு. இப்போது உங்கள் முறை. 1985இல் எஸ்-பான் ரயிலில் ஏறிய இருபத்தைந்து வயதுக்காரர் இன்று அறுபத்தைந்தைத் தொட்டிருக்கிறார். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவர். மறதி நோய் வந்தால் பெரும்பாலும் பின்னால் கற்ற மொழிதான் முதலில் போகும். தட்டுத்தடுமாறிக் கற்ற ஜெர்மன் நழுவி, மிச்சமாக நிற்பது யாழ்ப்பாணத் தமிழ் மட்டும். ரூர் பகுதி முதியோர் இல்லங்களில் அந்தத் தமிழ் புரிகிற ஊழியர் கிடைப்பது அரிது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இல்லத்தைத் தாண்டி, வாரத்தில் ஒரு மாலை இவர்களில் ஒருவரோடு உட்கார உங்களால் முடியும். எந்த ஊரில் யார் தனியாக இருக்கிறார் என்ற விவரத்தைக் கோயிலில் சமைக்கிற அம்மாமாரிடம் கேளுங்கள். பெயர், தெரு, எத்தனையாம் மாடி என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.